மோசமான படம் வேறு, ஏமாற்றிய படம் வேறு: உங்களை எந்தப் படம், எதனால் ஏமாற்றியது?

மேலமாசிவீதி | வெள்ளி, இரவு 10.40

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைத் தியேட்டருக்குக் கூட்டிப் போனேன். முழங்கால் வலி வந்த பிறகு ஐந்து வருடமாக அவர் தியேட்டர் படி ஏறவில்லை. டிவியில் ஒரு டிரெய்லர் ஓடியபோது, அதில் பாட்டியும் பேரனும் கிணற்றடியில் பேசிக்கொண்டிருக்கும் காட்சியைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போலாமாடா?" என்று அவராகவே கேட்டார். அதற்காகத்தான் போனோம்.

அந்தப் பாட்டி படத்தில் நாலைந்து நிமிடம் வந்தார். பிறகு அவரைக் கொன்றுவிட்டார்கள். அதற்கப்புறம் முடியும்வரை வெட்டும் குத்தும்தான். அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இடைவேளையில், "உனக்குப் பிடிச்சிருக்கா?" என்று என்னைக் கேட்டார். திரும்பும்போது ஆட்டோவில், "பாட்டியா நடிச்சவங்க நல்லா நடிச்சாங்க" என்றார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

படத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அதை மோசமான படம் என்றும் சொல்ல முடியாது. என் நண்பர்கள் மூன்று பேருக்குப் பிடித்திருக்கிறது, சண்டைக் காட்சிகளை நன்றாகவே எடுத்திருந்தார்கள். ஆனாலும் ஏதோ கையில் கொடுப்பதாகச் சொல்லிவிட்டுக் கொடுக்காமல் அனுப்பியதுபோல இருந்தது. மட்டமான படங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன், அவற்றின் மேல் எனக்கு இந்த வருத்தம் வந்ததில்லை. சில படங்கள் மட்டும் ஏன் நம்மை இப்படி ஆக்குகின்றன? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.


கோவைக்காரன் | வெள்ளி, இரவு 11.05

அண்ணா, அம்மாவுக்கு நடந்தது கஷ்டமாக இருக்கிறது. ஆனால் காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். கதையை எழுதி முடிக்காமல் படத்தைத் தொடங்குகிறார்கள்.

இந்தியன் 2 எடுத்துக்கொள்ளுங்கள். 1996-இல் வந்த படத்துக்கு 2024-இல் தொடர்ச்சி. 28 வருடம். முதல் படத்தில் அந்தத் தாத்தா கத்தியை எடுத்தால் நமக்கு அவர் பக்கம் நியாயம் தெரிந்தது. தீக்காயத்தோடு கிடக்கும் மகளுக்காக லஞ்சம் கொடுக்க மறுத்து நிற்கும் அப்பாவை எழுதியிருந்தார்கள். இரண்டாவது படத்தில் அந்த அளவுக்கு ஒரு காட்சி இல்லை. ரிலீஸ் ஆன சில நாட்களிலேயே 12 நிமிடத்தைக் குறைத்தார்கள். குறைத்தும் என்ன ஆனது? நீளத்தில் இருந்த பிரச்சினை என்றால் நீளத்தைக் குறைத்துச் சரி செய்யலாம். எழுத்தில் இருந்தால் எதை வெட்டுவது?

நான் முதல் நாள் பார்த்தேன். என் அப்பா முதல் படத்தை 1996-இல் அது வெளியான முதல் நாளே பார்த்தவர். இருவரும் சேர்ந்து போனோம். வெளியே வந்து ரொம்ப நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.


டூரிங் டாக்கீஸ் | சனி, காலை 6.20

தம்பிகளுக்கு வணக்கம். தெற்கே ஒரு சின்ன ஊரில் 31 வருடம் தியேட்டரில் வேலை பார்த்தேன். ஆபரேட்டராகச் சேர்ந்து மேனேஜராக ஓய்வு பெற்றேன். இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது.

கோவைத் தம்பி சொல்வது பாதி சரி. கதை சரியாக இருந்தும் ஏமாற்றிய படத்தை நான் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். குசேலன். 2008 ஆகஸ்ட் 1.

அதற்கு முந்தைய வருடம்தான் சிவாஜி வந்து ஓடு ஓடென்று ஓடியது. அடுத்து ரஜினி படம் என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். குசேலனின் மூலக்கதை 2007-இல் மலையாளத்தில் சீனிவாசன் எழுதி நடித்த கத பறயும்போள். ஊரில் ஒரு ஏழை முடிதிருத்துபவர். அவருடைய பால்ய சிநேகிதன் பெரிய நடிகனாகி, படப்பிடிப்புக்காக அதே ஊருக்கு வருகிறான். ஊரே இவரிடம் சிபாரிசுக்கு வருகிறது. இவருக்கோ போய்ப் பார்க்கக் கூச்சம். மலையாளத்தில் அந்த நடிகனாக மம்மூட்டி கொஞ்ச நேரம்தான் வருவார். கடைசியில் பள்ளிக்கூட விழாவில் அவர் பேசும்போது அழாதவர் கிடையாது. கதை முழுக்க அந்த முடிதிருத்துபவருடையது.

தமிழில் அந்த வேடத்துக்குப் பசுபதி. நல்ல நடிகர், அருமையாகச் செய்திருந்தார். ஆனால் சுவரெல்லாம் யார் இருந்தார்? ரஜினி. கட்டவுட் யாருக்கு? ரஜினிக்கு. ரஜினி படத்துக்கான விலையில் படத்தை விற்றார்கள், அந்த விலைக்கு எம்.ஜி. போட்டுத் தியேட்டர்காரர்கள் எடுத்தார்கள். எம்.ஜி. என்றால் மினிமம் கியாரண்டி. ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவ்வளவு தொகை உங்களுக்கு உண்டு என்று முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். எங்கள் முதலாளி அதற்காக நகையை அடகு வைத்தார் என்பது எனக்குத் தெரியும்.

அவ்வளவு கட்டிவிட்டால் முதல் மூன்று நாளில் எடுத்தாக வேண்டும். அப்படி எடுக்க வேண்டுமென்றால் ரஜினி படம் என்றுதான் கூவ வேண்டும். நண்பனைப் பார்க்கக் கூச்சப்படும் ஒரு ஏழையின் கதை என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னால் முதல் காட்சிக்கு யார் வருவார்கள்? அதனால் சொல்லவில்லை. முதல் காட்சிக்கு வந்தவர்கள் எல்லாரும் ரஜினி எப்போது வருவார், எப்போது அடிப்பார் என்று காத்துக்கொண்டே இருந்தார்கள். பசுபதி வந்த காட்சிகளை அவர்கள் பார்க்கவே இல்லை. அவர் போய் ரஜினி வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

ஆபரேட்டர் அறைக்குள் இருந்தாலே ஒரு படம் தேறுமா தேறாதா என்று தெரிந்துவிடும். பாட்டுக்கு எழுந்து போனால் அது வழக்கம். வசனம் ஓடும்போது கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டால் முடிந்தது. அன்றைக்கு அந்தக் கதவு மூடவே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் தியேட்டர் சந்தில் ஒரு சலூன் இருந்தது. அதை நடத்தியவர் மூன்றாம் நாள் சாயங்காலக் காட்சிக்குப் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தார். "நம்ம ஆளு கதையாமே" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார். அரங்கில் ஐம்பது பேர் இருந்தால் அதிகம். படம் விட்டு வெளியே வந்தபோது அவருக்குக் கண் சிவந்திருந்தது. அடுத்த நாள் தன் தம்பியையும் அனுப்பினார். அதே ரீல், அதே ஸ்பீக்கர். அந்தப் படம் யாருக்காக எழுதப்பட்டதோ அவரைப் போய்ச் சேர்ந்தது, ஆனால் மூன்றாம் நாள்தான் சேர்ந்தது. அதற்குள் ஊர் முழுக்கப் படம் ஊத்திக்கொண்டது என்று பேச்சு பரவிவிட்டது. தியேட்டர்காரர்களும் விநியோகஸ்தர்களும் நஷ்ட ஈடு கேட்டுப் போனதெல்லாம் பத்திரிகையில் வந்த கதை.


மேலமாசிவீதி | சனி, காலை 8.15

ஐயா, இதைத்தான் நான் சொல்லத் தெரியாமல் திணறினேன். அந்த சலூன்காரரும் என் அம்மாவும் ஒரே விஷயத்துக்குத்தான் தியேட்டருக்கு வந்தார்கள். தங்களைப் போல ஒருவரைத் திரையில் பார்க்க. அவருக்குக் கிடைத்தது, அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.


வைகறை | சனி, காலை 9.50

ஐயாவின் பதிவை இரண்டு முறை படித்தேன். எனக்கு ஒரு சந்தேகம். படம் சொன்னபடிதான் இருக்க வேண்டும் என்றால், எதிர்பாராத இடத்துக்குக் கூட்டிப் போகும் படங்களை என்ன செய்வது?

2010 பொங்கலுக்கு ஆயிரத்தில் ஒருவன் வந்தபோது நான் திருச்சியில் கல்லூரி மூன்றாம் ஆண்டு. ஹாஸ்டலில் இருந்து ஒன்பது பேர் போனோம். முதல் பாதி எங்களுக்குக் கொண்டாட்டம். கார்த்தியின் குறும்பு, காடு, பாம்பு, புதைமணல், பாட்டு. ஒரு புதையல் வேட்டை பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இடைவேளைக்குப் பிறகு பசியில் எலும்பும் தோலுமாக, தஞ்சைக்குத் திரும்பிப் போகத் தூதன் வருவான் என்று தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்கும் ஒரு சோழக் கூட்டம் வந்தது. பழந்தமிழில் பேசினார்கள். பார்த்திபன் அரசனாக வந்து ஆடினார். எங்களுக்கு ஒன்றுமே புரியவில்லை. பின் வரிசையில் கத்தினார்கள், நாங்களும் சேர்ந்து சிரித்தோம். ஹாஸ்டலுக்குத் திரும்பி, காசு போச்சு என்று பேசிக்கொண்டோம்.

நாலைந்து வருடம் கழித்து டிவியில் அதையே தனியாகப் பார்த்தேன். கடைசி அரை மணி நேரம் என்னால் உட்கார முடியவில்லை. அந்தப் பெண்களுக்கு ராணுவத்தினர் செய்வதைப் பார்க்கும்போது எனக்கு ஈழப் போர் முடிந்த 2009 நினைவுக்கு வந்தது. 2010-இல் தியேட்டரில் உட்கார்ந்திருந்தபோது அந்த நினைவு ஏன் வரவில்லை என்று இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். படம் அன்றைக்கே எல்லாவற்றையும் வைத்திருந்தது. நான் புதையல் வேட்டைக்குக் காத்துக்கொண்டிருந்தேன்.

2021 கடைசியில் அதை மறுபடி தியேட்டரில் போட்டபோது என் மாணவர்கள் சிலர் போய்ப் பார்த்தார்கள். இரண்டாம் பாதிதான் பிரமாதம் என்று வந்து சொன்னார்கள். அவர்கள் என்ன படம் என்று தெரிந்துகொண்டு போனவர்கள்.

அன்பே சிவமும் அப்படித்தானே? 2003 பொங்கலுக்கு வந்து தியேட்டரில் எடுபடாமல் போன படம். இன்றைக்கு அதை ரசிக்காதவர் யார்?


கோவைக்காரன் | சனி, காலை 10.30

அக்கா, மன்னிக்கவும், இந்த வாதத்தில் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. அன்பே சிவத்தையும் ஆயிரத்தில் ஒருவனையும் சொல்லிச் சொல்லியே, ஓடாத படம் எல்லாம் காலத்தை மீறிய படம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அப்படிப் பத்துப் படம் இருக்கலாம். மீதி எல்லாம் நிஜமாகவே சரியாக எடுக்கப்படாததால்தான் ஓடவில்லை. பார்வையாளனுக்குப் புரியவில்லை என்று சொல்வது, 190 ரூபாய் கொடுத்து வந்தவனையே குற்றவாளி ஆக்குவது.


வைகறை | சனி, காலை 10.42

அதை ஒப்புக்கொள்கிறேன் தம்பி. நான் என்னைப் பற்றி மட்டும்தான் சொன்னேன். மற்றவர்களுக்குப் பிடிக்காமல் போக முழு உரிமை உண்டு.


டூரிங் டாக்கீஸ் | சனி, பகல் 12.10

வைகறை அம்மா சொன்னதற்குப் பழைய காலத்தில் இருந்து ஒன்று. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் சிறுவனாக இருக்கும்போதே தியேட்டரில் எடுபிடி வேலைக்கு வந்தவர். 1954-இல் அந்த நாள் போட்டார்களாம். ஏவி.எம். தயாரிப்பு, வீணை எஸ். பாலசந்தர் இயக்கம், சிவாஜி கணேசன் நடிப்பு. தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம் அது. ஜப்பான் உளவு, கொலை, ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லும் கதை என்று இன்றைக்குப் பார்த்தாலும் அசர வைக்கும். ஆனால் அன்றைக்கு வந்தவர்கள், "பாட்டு எப்பய்யா வரும்?" என்று கதவுக்குப் பக்கத்தில் நின்ற இவரைப் பிடித்துக் கேட்டார்களாம். டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போட்டார்களாம். படம் தோற்றது. அப்புறம் மத்திய அரசின் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது.

பாசம் என்று எம்.ஜி.ஆர். படம், 1962. அதில் கடைசியில் எம்.ஜி.ஆர். இறந்துவிடுவார். ரசிகர்களால் அதை ஏற்க முடியவில்லை. எம்.ஜி.ஆர். சாக மாட்டார் என்று யாரும் போஸ்டரில் அச்சடிக்கவில்லைதான். ஆனால் அதற்கு முன் வந்த பெரும்பாலான படங்கள் சேர்ந்து அந்த வாக்கைக் கொடுத்திருந்தன. அதைக் கேட்டுத்தான் ஜனங்கள் வந்தார்கள்.


பருத்தித்துறை | சனி, பிற்பகல் 3.35

வணக்கம். யாழ்ப்பாணத்தின் வடமராட்சியில் இருந்து எழுதுகிறேன். இங்கே கனபேர் தமிழகப் படங்களை முதல் நாளே பார்ப்பவர்கள். எங்களுக்கு ஏமாற்றம் இன்னொரு வழியாலும் வரும்.

எங்களைப் பற்றி ஒரு படம் என்று கேள்விப்பட்டால் குடும்பமாகப் போவோம். உள்ளே போனால் நாங்கள் கதைக்கும் முறை, அதாவது எங்கட பேச்சு, இருக்காது. வசனத்துக்கு வசனம் "ஓம், ஓம்" என்று போட்டுவிட்டால் ஈழத்தமிழ் என்று நினைக்கிறார்கள். ஒரு பாத்திரம் யாழ்ப்பாணத்துக்காரி என்றால், அவள் "வாங்கோ" என்று சொல்வதிலேயே உண்மையா பொய்யா என்று எங்களுக்கு விளங்கிவிடும். அந்த முதல் சொல் பிசகினால் அதற்குப் பிறகு அவள் அழுதாலும் எங்களுக்கு அழுகை வராது. படம் எங்களுக்காகக் கதைக்கவில்லை, எங்களைக் காட்டி வேறு யாருக்கோ கதைக்கிறது என்று தெரிந்துவிடும்.

தெனாலி வந்தபோது கமல் அந்தப் பேச்சுக்காக எங்கட அறிவிப்பாளர் பி. எச். அப்துல் ஹமீதிடம் கேட்டுப் பழகினார். நகைச்சுவைப் படம்தான், பிழைகளும் இருந்தன. ஆனால் ஒருவர் சிரமம் எடுத்திருக்கிறார் என்பது தெரிந்தது. அது போதும் எங்களுக்கு.

2025 மே 1 அன்று டூரிஸ்ட் ஃபேமிலி வந்தது. அதே நாளில் சூர்யாவின் ரெட்ரோ. பெரிய படத்துக்குத்தான் எல்லாருடைய கண்ணும். சசிகுமார், சிம்ரன், புது இயக்குநர், இவ்வளவுதான் தெரியும். ஒன்றையும் எதிர்பாராமல் போனோம். பேச்சு சில இடங்களில் இடறியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இங்கிருந்து தமிழகத்துக்குப் போன இடத்தில் அயலவரோடு எப்படியாவது ஒட்டிக்கொள்ள ஆசைப்படும் ஒரு குடும்பத்தை அது நம்பிக் காட்டியது. என்ர மாமி கனடாவில் பார்த்துவிட்டு இரவு இரண்டு மணிக்குப் போன் எடுத்து அழுதார். வாய்ப்பேச்சாலேயே படம் நாளுக்கு நாள் ஏறியது.


கத்தரிமேசை | சனி, இரவு 11.55

ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை, இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். சென்னையில் எடிட்டிங் உதவியாளன். உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். நான் வேலை பார்த்த படங்களின் பெயர் கேட்காதீர்கள்.

முதலில், ரிலீஸ் தேதி. பெரிய படங்களுக்குப் படப்பிடிப்பு முடியும் முன்பே தேதி அறிவித்துவிடுகிறார்கள். பண்டிகை நாளைப் பிடிக்க வேண்டும், ஓடிடி நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம் இருக்கும், வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே தேதி நகராது. நகராத தேதிக்குள் படம் அடங்க வேண்டும். ஒரு ஷெட்யூல் தள்ளிப்போனால் அந்த நாட்களை எங்கிருந்து எடுப்பார்கள்? எங்களிடமிருந்தும், சிஜி, அதாவது கணினி வரைகலை, செய்கிறவர்களிடமிருந்தும், பின்னணி இசை சேர்க்கும் ரீ-ரெக்கார்டிங்கில் இருந்தும்தான். இசை ரீல் ரீலாக வரும். முழுப்படத்தையும் இசையோடு ஒரே மூச்சில் உட்கார்ந்து பார்க்கும் நாள், சில படங்களுக்கு, ரிலீஸுக்கு முதல் நாளாகத்தான் இருக்கும். அன்றைக்கு ஒரு காட்சி நீளம் என்று தோன்றினாலும் கை வைக்க நேரம் கிடையாது.

இரண்டாவது, எங்களுக்கே படம் மரத்துப்போகும். ஒரு காட்சியை இருநூறு தடவை பார்த்தவனுக்கு அது எங்கே இழுக்கிறது என்று தெரியாது. வேகமாக வெட்டிக்கொண்டே போவோம், சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவோம். எங்களுக்கு அலுத்துவிட்டது என்பதால் பார்ப்பவர்களுக்கும் அலுக்கும் என்று பயம். கங்குவா 2024 நவம்பரில் வந்தபோது சத்தம் தாங்கவில்லை என்று எல்லாரும் சொன்னது நினைவிருக்கும். தயாரிப்பாளரே தியேட்டர்காரர்களிடம் ஒலியளவை இரண்டு புள்ளி குறைக்கச் சொன்னார். ஆஸ்கர் வாங்கிய ஒலிக் கலைஞர் ரசூல் பூக்குட்டி, பழியெல்லாம் ஒலிக் கலைஞர்கள் தலையில் விழுகிறதே என்று வருந்தி எழுதினார். அந்தப் பதிவைப் படித்த அன்று எங்கள் ஸ்டூடியோவில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. எங்களுக்குத் தெரிந்த வலி அது. யாரோ ஒருவர் பதற்றத்தில் ஏற்று ஏற்று என்கிறார், ஏற்றுகிறோம்.

மூன்றாவதுதான் இந்த இழைக்கு நேராகச் சம்பந்தப்பட்டது. டீசரும் டிரெய்லரும். பெரும்பாலும் அவற்றை வெட்டுவது தனி ஆட்கள். அவர்களிடம் படத்தின் மூல ஷாட்கள் போகும். எது கண்ணில் படுமோ அதை எடுப்பார்கள், அது அவர்கள் வேலை. டீசர் வெளியாகும்போது பல நேரம் படம் முழுதாகத் தொகுக்கப்பட்டே இருக்காது. டீசரில் ஒரு சண்டை கோடிக்கணக்கில் பார்க்கப்பட்டுவிட்டால், பிறகு அந்தச் சண்டையைப் படத்தில் சுருக்க முடியாது. கதைக்கு அது வேண்டாம் என்றாலும் இருந்தாக வேண்டும். அதற்கு இடம் விட என்ன போகும் தெரியுமா? பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சிகள். ஒரு படத்தில் ஓர் அம்மாவும் மகளும் வரும் பதினோரு நிமிடம் அப்படித்தான் போனது. அந்த மகள் பிறகு எடுக்கும் முடிவுக்குக் காரணமே அந்தக் காட்சிகளில்தான் இருந்தது. படம் வந்தபோது, "அந்தப் பொண்ணு ஏன் அப்படிப் பண்றா, லாஜிக்கே இல்லை" என்று எல்லாரும் எழுதினார்கள். சரியாகத்தான் எழுதினார்கள். ஆனால் கதையை எழுதியவருக்கு அது தெரியாமல் இல்லை. அவர் எங்கள் அறையில் வந்து நின்று கெஞ்சினார்.

ஆகவே கோவைத் தம்பி, எழுத்து இல்லை என்று நீங்கள் சொல்வது சில நேரம் எழுதி, எடுத்து, வெட்டி எறியப்பட்ட எழுத்து.


கோவைக்காரன் | ஞாயிறு, காலை 7.30

அண்ணா, இது எனக்குத் தெரியாது. நன்றி. இனி லாஜிக் இல்லை என்று எழுதும் முன் ஒரு நொடி யோசிப்பேன். ஆனால் கேட்கிறேன், ரிலீஸுக்கு முன் வெளியாட்களுக்குப் போட்டுக் காட்டினால் இதெல்லாம் தெரிந்துவிடாதா?


கத்தரிமேசை | ஞாயிறு, காலை 11.10

பிரிவியூ போடுகிறார்கள். வருகிறவர்கள் எல்லாரும் சினிமாக்காரர்கள், உறவினர்கள், நண்பர்கள். விளக்கு எரிந்ததும் இயக்குநரைக் கட்டிப்பிடித்து, "பின்னிட்டீங்க" என்பார்கள். மூன்று வருட உழைப்பை முடித்துவிட்டு எதிரில் நிற்கும் மனிதரிடம் வேறென்ன சொல்வார்கள்? முகம் தெரியாத இருநூறு பேருக்குப் போட்டுக்காட்டும் பழக்கம் நம்மிடம் குறைவு. கதை வெளியே போய்விடும் என்ற பயம். அதனால் அந்த முகம் தெரியாத இருநூறு பேர் முதல் நாள் முதல் காட்சிக்குக் காசு கொடுத்து வருகிறவர்களாக ஆகிவிடுகிறார்கள். அவர்கள் நெளிந்த பிறகுதான் வெட்டுகிறோம்.

அப்படி அவசரத்தில் வெட்டுவதும் எப்போதும் சரியாக இருப்பதில்லை. மெய்யழகன் 2024 செப்டம்பரில் வந்தது. நீளம் என்ற பேச்சு வந்ததும் 18 நிமிடத்துக்கு மேல் குறைத்தார்கள். அந்தப் படமே ராத்திரி முழுக்க இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பதுதான். அதில் எதை எடுத்தாலும் சதையைத்தான் எடுக்க வேண்டும்.


பருத்தித்துறை | ஞாயிறு, பிற்பகல் 1.20

மெய்யழகனில் வெட்டிய பகுதியில் ஈழத்தைப் பற்றிய பேச்சும் இருந்தது. நான் முதல் நாளே பார்த்தபடியால் எனக்கு அது கிடைத்தது. என்ர தம்பி ஒரு கிழமை கழித்துப் பார்த்தான். நான் அதைப் பற்றிக் கதைக்க, "அப்படி ஒன்றும் வரவில்லையே" என்றான்.


மேலமாசிவீதி | ஞாயிறு, பிற்பகல் 2.05

காலை ஒன்பது மணிக் காட்சியைப் பற்றி யாரும் பேசவில்லை. 2023 ஜனவரியில் சென்னையில் அதிகாலைக் கொண்டாட்டத்தில் ஒரு ரசிகர் இறந்துபோன பிறகு, நம் ஊரில் நாலு மணிக் காட்சிகளுக்கு அனுமதி கிடைப்பதில்லை, முதல் காட்சியே ஒன்பது மணிக்குத்தான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஓர் உயிர் போயிருக்கிறது. ஆனால் பெரிய படங்களுக்குக் கேரளத்திலும் கர்நாடகத்திலும் விடியற்காலையிலேயே காட்சி உண்டு. நாம் பல் தேய்க்கும்போதே படத்தின் தீர்ப்பு வந்துவிடுகிறது. செகண்ட் ஹாஃப் சுமார் என்று போனில் படித்துவிட்டு உள்ளே போனால், இடைவேளை முடிந்து உட்காரும்போதே நான் குறை தேட ஆரம்பித்துவிடுகிறேன்.

இதற்கு விமர்சகர்களைத் தடுப்பது மருந்தில்லை. கங்குவா வந்த அதே மாதம் தியேட்டர் வளாகத்தில் யூடியூப் விமர்சனம் எடுக்க விடக்கூடாது என்று தயாரிப்பாளர் சங்கம் கேட்டது, வழக்கும் போட்டார்கள். பார்த்தவர் வாயைக் கட்டினால் அடுத்த படத்தின் டிரெய்லரை யார் நம்புவார்கள்?


கோவைக்காரன் | ஞாயிறு, மாலை 4.45

நான் முதலில் எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். நேற்று இரவு முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

கூலி 2025 ஆகஸ்ட் 14. ரஜினி, லோகேஷ் கனகராஜ். அறிவிப்பு வந்த நாளில் இருந்து நானும் என் நண்பர்களும் ஒரு குழுவில் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு போஸ்டரில் கடிகாரம் தெரிந்தால் கால இயந்திரக் கதை என்றோம். ஒரு வசனத்தை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, பழைய பாத்திரம் ஒன்று திரும்பி வருகிறது என்றோம். இதில் ஒன்றைக்கூட படக்குழு சொல்லவில்லை. நாங்களே சொல்லிக்கொண்டோம். மாதக்கணக்கில் அந்தப் படத்தை என் தலைக்குள் எடுத்து, தொகுத்து, இசையும் போட்டு வைத்திருந்தேன். தியேட்டரில் வேறு ஒரு படம் ஓடியது. அந்தப் படத்தில் எனக்குக் குறைகள் உண்டு, அதை விடவில்லை. ஆனால் முதல் நாள் எனக்கு வந்த கோபத்தில் பாதி, என் படத்தை அவர்கள் எடுக்கவில்லை என்ற கோபம்.

இன்னொன்று. பதினாறு வயதுத் தம்பிக்கும் டிக்கெட் போட்டிருந்தேன். படத்துக்கு 'ஏ' சான்றிதழ். வாசலில் அவனை விடவில்லை. அவன் சின்ன வயதில் இருந்து எனக்கு மேல் ரஜினி பைத்தியம். வெளியே பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தான். விதி சரிதான், நான்தான் பார்த்திருக்க வேண்டும். ஆனால் மாதக்கணக்கில் வந்த கொண்டாட்டம் எல்லாம் அவனைப் போன்ற பிள்ளைகளையும் கூப்பிட்டுத்தானே நடந்தது?


டூரிங் டாக்கீஸ் | ஞாயிறு, இரவு 8.30

தம்பி, உங்கள் தம்பி பெஞ்சில் உட்கார்ந்திருந்தது மனதை என்னவோ செய்கிறது.

பாபா நினைவுக்கு வருகிறது. 2002 ஆகஸ்ட் 15. படையப்பாவுக்கு அப்புறம் மூன்று வருடம் காத்திருந்தார்கள். ரஜினியே கதை எழுதி, சொந்தமாகத் தயாரித்தார். அவருக்கு மனதுக்கு நெருக்கமான ஆன்மிக விஷயம். வந்தவர்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊரில் நாலாம் நாளே கூட்டம் வடிந்தது. நஷ்டப்பட்டவர்களுக்கு அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். எங்கள் விநியோகஸ்தர் அந்தத் தொகையை வாங்கிவந்த அன்று முதலாளி வீட்டில் வைத்துப் பேசிக்கொண்டார்கள், "மனுஷன் குடுத்துட்டாரய்யா" என்று. அதைச் சொல்லும்போது இருவருக்கும் குரல் உடைந்தது.

ஆனால் கவுண்டரில் டிக்கெட் வாங்கியவனுக்கு யார் திருப்பிக் கொடுப்பது? அவனிடம் ரசீது இல்லை, சங்கம் இல்லை. அவன் அடுத்த படத்துக்குக் கொஞ்சம் தாமதமாக வருவான், அல்லது வரமாட்டான். எங்கள் தியேட்டரை மூடும்போது கணக்குப் பார்த்தேன். பெரிய படம் ஊத்திக்கொண்டதால் மட்டும் மூடவில்லை. அந்தப் படங்களுக்கு நடுவில் வரும் சாதாரணப் படங்களுக்கு, இன்றைக்கு என்ன ஓடுது என்று கேட்டுக்கொண்டு சும்மா வந்து உட்காருவார்களே, அந்த ஜனம் நின்றுபோனது.


வைகறை | ஞாயிறு, இரவு 9.15

மேலமாசிவீதி, உங்கள் அம்மா மறுபடி தியேட்டருக்கு வருவாரா? அதைக் கேட்க வேண்டும் என்று காலையில் இருந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.


மேலமாசிவீதி | ஞாயிறு, இரவு 10.20

இந்த இழையை இப்போதுதான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சலூன்காரர் கதையை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். தியேட்டருக்குப் போவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பேரன் என்ன ஆனான்டா? பாட்டி செத்ததும் அவனை யாரு வளர்த்தாங்க? நான்தான் அசந்துட்டேனா?" என்று கேட்டார்.

அவர் அசரவில்லை. அந்தப் பையன் அதற்குப் பிறகு படத்தில் வரவே இல்லை. எனக்கும் அது இப்போதுதான் உறைத்தது.


கத்தரிமேசை | ஞாயிறு, இரவு 11.40

அம்மாவிடம் சொல்லுங்கள், அவனுக்கு ஒரு காட்சி எழுதியிருப்பார்கள். எடுத்தும் இருப்பார்கள். ஏதோ ஒரு ஹார்ட் டிஸ்க்கில் அவன் யாரோ ஒருவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.